கிரான் ஒன்று சொல்லும், நகரத் திட்டம் இன்னொன்று சொல்லும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு மாடித் தெரஸ் வீடு ஒன்று வாங்கப் பார்க்கிறோம். பின்னால் காலித் திடல். "அங்கே ஒன்றும் வராது" என்கிறார் முகவர். என் மனைவிக்குக் கீழ்த்தளத்தில் தஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) நடத்த ஆசை. சொந்த வீடுதானே, நடத்தலாம் அல்லவா? முன்பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முகவர் சொன்னது எந்தப் பத்திரத்திலும் ஏறாது, அதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் வீட்டைப் பற்றி கிரான், அதாவது நில உரிமைப் பத்திரம், சொல்லும். அக்கம்பக்கத்தைப் பற்றி நகரத் திட்டம் சொல்லும். பலர் கிரானை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள்.

நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அந்த நிலத்தின் பதிவை யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதில் 'ஷராட் ஞாத்தா' என்ற வரியைத் தேடுங்கள். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கும். குடியிருப்புக்கு என்று இருந்தால், கடை போடுவது நிபந்தனை மீறல். நிலச் சட்டப்படி அபராதம் விதிக்கலாம், நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. அதே பதிவில் 'செக்காத்தான் கெபெந்திஙான்' (உரிமைக் கட்டுப்பாடு) என்று ஏதாவது இருந்தால், கைமாற்ற அரசின் ஒப்புதல் தேவைப்படலாம். குத்தகை நிலங்களில் இது சகஜம். ஒப்புதல் வரும் வரை விற்பனை முடியாது.

தஸ்கா விஷயம் கொஞ்சம் வேறு. பத்துக்கும் குறைவான பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதைச் சட்டம் வீட்டுத் தஸ்காவாக ஏற்கிறது. நான்கு பிள்ளைகள் ஆனதும் சமூகநலத் துறையில் பதிந்தாக வேண்டும். பத்தைத் தொட்டால் அது முழு மையம். மாநகர் மன்றம், தீயணைப்புத் துறை என்று அனுமதிகள் நீளும். உங்கள் மனைவியிடம் முதலில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், மற்றது அப்புறம்.

சரி, அந்தத் திடல். நான் சொன்ன நகரத் திட்டம் கோலாலம்பூர் 2040 உள்ளூர்த் திட்டம்தான்; அது 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மனைக்கும் என்ன பயன்பாடு, எவ்வளவு அடர்த்தி என்பது அதன் வரைபடத்தில் உண்டு. பழைய வரைபடத்தைக் காட்டி யாராவது பேசினால் நம்பாதீர்கள். திடல் அதில் பொதுப் பூங்காவாக இருக்கிறதா, அல்லது குடியிருப்பு, வர்த்தகம் என்று இருக்கிறதா? பார்க்கக் காலியாக இருப்பது வேறு, பூங்கா என்று ஒதுக்கப்பட்டிருப்பது வேறு. சாலை விரிவாக்கக் கோடு உங்கள் மனையைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பூங்கா என்று இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மாநகர் மன்றம் அனுமதி தந்தது. குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள்; அந்த அனுமதி ரத்தானதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில்தான் உறுதி செய்தது. அதனால் திடல் மீது ஏற்கனவே ஏதாவது விண்ணப்பம் இருக்கிறதா என்று மாநகர் மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

வீட்டின் பின்பக்க நீட்டிப்புக்கு அனுமதி வாங்கப்பட்டதா என்று விற்பவரிடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் விலையைக் குறைக்கச் சொல்ல அதுவே காரணம். முன்பணச் சீட்டில் கையெழுத்திடும் முன்பே வழக்கறிஞரிடம் கிரானைக் காட்டிவிடுங்கள். பலர் கட்டிவிட்டுத்தான் அவரைத் தேடுகிறார்கள்.