இணைய நடிப்பு விளையாட்டுகளில் நிஜ உலகப் பிரச்சினைகள் குழந்தையின் முன் வந்து நிற்கின்றன, விளையாட்டையே நிறுத்திவிடலாமா?

ரோப்லாக்ஸ் போன்ற தளங்களில் அம்மா, காவலர், மருத்துவர் என்று வேடமேற்று விளையாடும் உங்கள் பிள்ளை திருட்டையும் பெற்றோர் பிரிவையும் வீடற்ற நிலையையும் அங்கே காண்பதாகவும், அதனால் விளையாட்டை நிறுத்திவிட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து; ஆனால் அந்தக் கருத்துக்கு நான் உடனே வந்துவிடவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ரோப்லாக்ஸிலுள்ள புரூக்ஹேவன் என்ற நடிப்பு விளையாட்டை அவள் விளையாடுவதை ஒரு மாலை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏற்றிருந்த வேடம் அம்மா. முன்பின் தெரியாத ஒருவர் சிறு குழந்தையின் உருவத்தில் வாசலுக்கு வந்து, தனக்கு வீடில்லை, உள்ளே வரலாமா என்று தட்டச்சு செய்தார். மகள் கதவைத் திறந்தாள், ஓர் அறையைக் காட்டினாள், பிறகு சற்று யோசித்து, "உன் அம்மா தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள். அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. விசைப்பலகையின் மேல் அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இது விளையாட்டுக்குச் சொல்றதா, நிஜமாவா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. அம்மா அப்பா விளையாட்டை நாம் எல்லோரும் ஆடியிருக்கிறோம். அதிலும் சண்டை வந்தது, சாவு வந்தது, திருடனைப் பிடித்துச் சிறையில் போட்டோம். ஆனால் உடன் விளையாடியவர் யார், அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது நமக்கு ஓரளவு தெரிந்திருந்தது. இங்கே வேடம் மட்டுமே கண்ணில் படுகிறது, வேடத்துக்குப் பின்னால் இருப்பவர் தெரிவதில்லை.

நிஜ உலகம் இத்தகைய இடங்களுக்குள் நுழைவது புதிதுமல்ல. வைவில் என்ற சிறுவர் இணைய உலகத்தில் 2002இல் ஒரு கற்பனைத் தொற்றுநோய் பரப்பப்பட்டது. நோய் கண்ட உருவங்களின் முகத்தில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின, அரட்டையின் நடுவே தும்மல் ஒலி எழுத்தாக விழுந்தது, ஆரோக்கியமாக இருந்தவர்கள் நோயுற்றவர்களை ஒதுக்கத் தொடங்கினார்கள். 2023 அக்டோபரில் காசாப் போர் மூண்டபோது, ரோப்லாக்ஸுக்குள் பாலஸ்தீனக் கொடிகளுடன் ஊர்வலங்கள் நடந்தன. பெரியவர்கள் செய்தியில் பார்ப்பதைப் பிள்ளைகள் வேடங்கட்டி ஆடிப் பார்க்கிறார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நான் தவறிழைத்த இடம் வேறு. செல்லப் பிராணிகளை மாற்றிக்கொள்ளும் ஒரு விளையாட்டில், "முதலில் நீ கொடு, பிறகு நான் தருகிறேன்" என்ற ஒருவரை நம்பி, மாதக்கணக்கில் சேர்த்துப் பெற்ற பிராணியை அவள் கொடுத்துவிட்டாள். வாங்கியவர் அக்கணமே மறைந்துவிட்டார். அழுதவளிடம், "அது வெறும் படம்தானே" என்று சொன்னேன். அவள் அழுதது படத்துக்காக அல்ல, ஒருவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்பதற்காக. அதை உணர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இது பரவலான மோசடிதான். அடாப்ட் மீ விளையாட்டில் அரிய பிராணிகளை மாற்றிக்கொள்ள விரும்புவோர், ஏமாற்றுப் பரிமாற்றங்களை அடையாளம் காணும் ஒரு சிறு தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும் என்று வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே எந்தப் பொருள் பேசப்படுகிறது என்பதைவிட, யாரிடம் கேட்கப்படுகிறது என்பதையே இப்போது கவனிக்கிறேன். வீடில்லை, வேலை போய்விட்டது, வங்கியில் கொள்ளை என்பவை வேடத்திடம் பேசும் பேச்சு. அவற்றில் நான் தலையிடுவதில்லை. "உனக்கு நிஜமாக எத்தனை வயது?", "வேறு செயலிக்கு வா, அங்கே பேசலாம்", "வீட்டில் சொல்லாதே" என்பவை வேடத்தைத் தாண்டிக் குழந்தையிடமே பேசும் பேச்சு. அது வந்தவுடன் விளையாட்டை விட்டு வெளியேறி என்னிடம் சொல்ல வேண்டும், சொன்னதற்காகக் கருவியைப் பறிக்க மாட்டேன் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி நடக்காது. அரட்டைக் கட்டுப்பாடுகளையும் வயதுச் சரிபார்ப்பையும் அவசியம் பயன்படுத்துங்கள்; ஆனாலும் வேடத்திடம் கேட்கிறாரா, குழந்தையிடம் கேட்கிறாரா என்பதை அவை ஒவ்வொரு முறையும் பிரித்தறிந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

அந்த மாலை, மகளும் நானும் சேர்ந்து ஒரு பதிலை எழுதினோம்: இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் உன் பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் சொல். மறுமொழி வரவில்லை. அந்தக் குழந்தை உருவம் சற்று நேரம் கட்டிலில் படுத்திருந்துவிட்டு மறைந்துபோனது.