நாயின் பல்லுக்கு எதைக் கடிக்கக் கொடுக்கலாம்? நகம் பதியாத எதையும் கொடுக்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறோம். எங்கள் நாய்க்கு நாலு வயது, ஒன்பது கிலோ. வாய் நாறுகிறது, பின்பற்களில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. கடையில் விற்கும் மாட்டுத்தோல் முடிச்சு வாங்க மனமில்லை. இயற்கையாக ஏதாவது கடிக்கக் கொடுக்க விருப்பம். மாமா ஒரு மான்கொம்புத் துண்டு தந்திருக்கிறார். மாட்டெலும்பு கொடு, வேப்பங்குச்சி கொடு என்றும் அயலில் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்:

கொம்பை முதலில் எடுத்து வையுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். நான் இதே வகைத் தவறைச் செய்து ஒரு நல்ல நாய்க்குப் பல் போகக் காரணமாக இருந்தவன், அதனால்தான் இந்த அவசரம்.

எங்களுக்கு முள்ளியவளைக்கு அப்பால் ஒரு கச்சான் தோட்டம். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் பாதித் தோட்டத்தைக் கிண்டிவிடும் என்பதால் மூன்று ஊர்நாய்கள் வைத்திருக்கிறோம். மூத்தவன் கறுப்பன். இரவெல்லாம் குரைத்துக் காவல் காக்கிறானே என்று ஞாயிறுதோறும் இறைச்சிக்கடையில் மாட்டுக்கால் எலும்பு ஒன்று வாங்கிவந்து அவனுக்குப் போடுவேன். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று தெரியும். ஆகவே பச்சையாகத்தான் போட்டேன். நாய்க்கு இதைவிட இயற்கையானது வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன். பல்லும் பார்க்க வெள்ளையாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் அவனுக்கு வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. குளவி குத்தியிருக்கும் என்று அம்மா மஞ்சள் பூசினார். இரண்டு நாளில் வீக்கம் உடைந்து சீழ் வந்து ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வீங்கியது. கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணைப் பார்த்ததைவிட வாயைப் பார்த்ததுதான் கூட. உதட்டைத் தூக்கி, மேல்வரிசையில் பின்பக்கம் இருக்கும் பெரிய பல்லைக் காட்டினார். வெளிப்பக்கம் ஓடு கழன்றதுபோல ஒரு துண்டு பிளந்து போயிருந்தது, உள்ளே சதை தெரிந்தது. அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். அவை கண்ணுக்குக் கீழேதான் முடிகின்றன. வேரில் சீழ் பிடித்தால் முகம் வீங்குவது அங்கேதான். கடிக்கும்போது முழுப்பாரமும் விழுகிற பல் அது, எலும்பிலும் கொம்பிலும் கூடுதலாக உடைவதும் அதுதான். மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டி வந்தது.

என்னால் இன்றைக்கும் மறக்க முடியாதது, அத்தனை நாளும் அவன் ஒரு நேரச் சாப்பாட்டைக்கூட விடவில்லை என்பதுதான். நாய் பல்வலியை வெளியே காட்டாது. மற்றப் பக்கத்தால் மென்றுகொண்டு பேசாமல் இருந்துவிடும். நல்லாய்ச் சாப்பிடுகிறதே, பல்லில் பிழையிருக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு, இயற்கையானதா, கடையில் வாங்கியதா என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி, அது எவ்வளவு கடினம் என்பது. பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது பதிய வேண்டும். கையால் வளைத்தால் வளைய வேண்டும். அதைக்கொண்டு உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டினால் வலிக்கும் என்று தோன்றினால் அது நாயின் பல்லுக்கும் ஆகாது. நாயின் பல்லுக்கு மேலுள்ள எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. மான்கொம்பு, மாட்டுக்குளம்பு, மாட்டுக்கால் எலும்பு, கல்லுப்போல காய்ந்த பால்கட்டித் துண்டு எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். மான்கொம்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். காட்டில் கிடந்து எடுத்ததுதான் என்று நீங்கள் சொன்னாலும் அதை வீட்டில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம்.

கடிப்பதால் பல் எப்படிச் சுத்தமாகிறது என்று தெரிந்தால் தெரிவு செய்வது சுலபம். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின்மேல் கிருமிகள் சேர்ந்து வழுவழுப்பாக ஒரு படலம் உண்டாகிறது. துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணச்சத்து அதில் இறங்கி, சில நாட்களில் கல்லாகிவிடும். அந்தக் கல்லைத்தான் காரை என்கிறோம், நீங்கள் பார்க்கிற மஞ்சள் அதுதான். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் அதற்குச் சூத்தைப்பல் வருவது குறைவு, காரை பிடிப்பது அதிகம். பல் ஒரு பொருளுக்குள்ளே புதைந்து வெளியே வரும்போதுதான் அதன் பக்கங்கள் துடைபடும். பல் இறங்காத பொருளில் நுனி மட்டும்தான் தேயும். இறங்கிய உடனே முறிந்துபோகும் பொருளிலும் பெரிய பலனில்லை. இழுத்து, புரட்டி, பக்கவாட்டில் வைத்து மெல்ல வைக்கிற பொருள்தான் வேண்டும். அப்படி மென்றாலும் சுத்தமாவது பின்பற்கள்தான். முன்பற்களுக்கும் கோரைப்பற்களுக்கும் இதனால் கிடைப்பது கொஞ்சம்.

எலும்பு காரையைக் குறைக்காது என்று நான் சொல்ல மாட்டேன், குறைக்கும். 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டு பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று கிழமைக்குள் காரை பெருமளவு குறைந்தது. ஆனால் காரை குறைந்தால் வாய் நல்லாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆபிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளைப் பரிசோதித்து 1999 இல் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க வேட்டையாடி, தோலும் எலும்புமாகத் தின்ற நாய்கள் அவை. காரை அவற்றில் குறைவுதான். ஆனாலும் 41 சதவீதத்தில் ஈறு நோயின் அடையாளம் இருந்தது, 48 சதவீதத்தில் பல் உடைந்திருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டு வந்த கிழமையில் இதை வாசித்தேன். அத்தோடு ஞாயிறு எலும்பை விட்டுவிட்டேன்.

சரி, இப்போது எதைக் கொடுக்கிறேன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலிடம் மீன்தோலுக்கு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் பெரிய மீனை வெட்டும்போது தோலை உரித்து வைக்கச் சொன்னால் சும்மாவே தருவார்கள். குளத்துத் திலாப்பியாவின் தோலும் நல்லது. செதிலைச் சுரண்டி, முள்ளும் தூண்டில் துண்டும் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்துக் கழுவுங்கள். கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, இரண்டு மூன்று தோலை ஒன்றாக இறுக்கிச் சுருட்டுங்கள். பிறகு வலைக்குக் கீழே வெயிலில் காய வையுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், காய்வதற்கு முன்னரே பழுதாகிவிடும். வெயில் கிருமியைக் கொல்லும் என்று நம்பி கொதிநீரை விட்டுவிடவும் வேண்டாம். உப்புப் போடக் கூடாது, ஆகவே கடையில் வாங்கும் கருவாடு இதற்கு ஆகாது.

இரண்டாவது மாட்டின் மூச்சுக்குழல், அதாவது அந்த வளைய வளையமான தொண்டைக் குழாய். அதோடு காலில் இருக்கும் தடித்த நார். இறைச்சிக்கடையில் இரண்டையும் பெரும்பாலும் ஒதுக்கித்தான் போடுவார்கள். அவித்து, நீளமாகக் கீறிக் காய வைத்தால் வளையும், இழுபடும், பல் இறங்கும். குழலின் மேல்முனையில் ஒட்டியிருக்கும் தைரொயிட் சுரப்பியை மட்டும் கட்டாயம் வெட்டி எறியுங்கள். அதைத் தொடர்ந்து தின்ற நாய்களுக்குத் தைரொயிட் கூடிய நோய் வந்திருக்கிறது. ஈரலையும் சுவாசப்பையையும் பச்சையாகப் போடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அவற்றில் உள்ள கட்டிகள் வழியாக நாய்க்கு ஒருவகை நாடாப்புழு வரும். நாயின் மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை உங்கள் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும்.

மாட்டிறைச்சி வீட்டுப் படலைக்குள்ளே வராத வீடுகள் நிறைய இருக்கின்றன. நீங்களும் அப்படியென்றால் மீன்தோல் ஒன்றே போதும். முழுச்சைவ வீடென்றால் வற்றாளங்கிழங்கை விரல் தடிப்பில் நீளமாக வெட்டி, அரைவாசி அவித்துக் காய வைத்துக் கொடுங்கள். தோல்போல இழுபடும். பச்சைக் கரட்டும் கொடுக்கலாம், ஆபத்தில்லை, ஆனால் சட்டென்று முறிந்துவிடுவதால் பல்லுக்குக் கிடைக்கும் பலன் சின்னதுதான். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக ஒருபோதும் வேண்டாம், அதில் சயனைட் நஞ்சு இருக்கிறது. சோளம் தின்றபின் மிஞ்சும் நடுத்தண்டும் மாங்கொட்டையும் விழுங்கினால் குடலை அடைக்கும்.

பனங்கொட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வன்னியில் நாய் வைத்திருப்பவர் அதைத் தவிர்க்க முடியாது. ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கினால் எங்கள் மூன்றும் வேலியோரத்தில்தான் கிடக்கும். முன்னங்கால்களால் பிடித்துக்கொண்டு நாரை நாராக இழுத்துச் சூப்பும். ஈரமான நார் பல்லுக்கிடையில் தூரிகைபோல ஓடுவதை நானே குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் விடுவேன், பிறகு எடுத்துவிடுவேன். நாரைப் பிய்த்து விழுங்கத் தொடங்கினால் அப்போதே எடுக்க வேண்டும். நார் போய் ஓடு தெரியும் கொட்டையும் காய்ந்த கொட்டையும் எலும்புக்குச் சமம்.

வேப்பங்குச்சிக்கு வருவோம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது எங்கள் பல்லுக்குச் சொன்னது. நாங்கள் நுனியை மென்று துலக்கிவிட்டுத் துப்புவோம். நாய் குறுக்கே வைத்துக் கடிக்கும். சிம்பு ஈறில் ஏறும், அல்லது ஒரு துண்டு மேல்வாயில் இரண்டு பக்கப் பல்லுக்கும் இடையில் குறுக்காக இறுகி நிற்கும். எந்த மரத்துக் குச்சியானாலும் இதே கதைதான். அலரித் தடி என்றால் நஞ்சும் சேரும்.

கடையில் விற்கும் மாட்டுத்தோல் முடிச்சை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தது நல்லது. ஊறியதும் வழுவழுத்த பெரிய துண்டாகப் பிய்ந்து தொண்டையில் நிற்கும், வயிற்றுக்குள் போனால் மேலும் ஊதும். எப்போதாவது பைக்கற்றில் வாங்க வேண்டி வந்தால் வி.ஓ.எச்.சி. (VOHC) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1997 இல் தொடங்கிய கால்நடைப் பல்நலச் சபையின் முத்திரை அது. படலத்தையோ காரையையோ குறைப்பதாகப் பரிசோதனையில் காட்டிய பொருளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். உறையில் இயற்கை என்று அச்சடித்திருப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எதைக் கொடுத்தாலும் நாயின் மூஞ்சி நீளத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். ஒன்பது கிலோ நாய்க்கு ஒரு சாண் நீளம் சரி. கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போகாமல் பக்கத்திலேயே இருங்கள். பெருவிரல் அளவுக்குக் குறைந்ததும் ஒரு சின்னத் தீனியைக் காட்டி மிச்சத்தை வாங்கிவிடுங்கள். மெல்லாமல் விழுங்குகிற நாய் என்றால் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். எங்கள் கடைக்குட்டி அப்படித்தான், அவளுக்கு விட்டுக் கொடுத்தால் பல்லுக்கு ஒன்றும் கிடைக்காது, வயிறுதான் நிரம்பும். இது சாப்பாட்டுக் கணக்கிலும் சேரும், ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

கடிப்பதோடு துடைப்பதும் வேண்டும். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி நனைத்து, மேல்வரிசைப் பின்பற்களின் வெளிப்பக்கத்தைத் தினமும், முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் துடையுங்கள். உள்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். நாங்கள் பாவிக்கும் பற்பசை வேண்டாம், நாய் துப்பாது, விழுங்கிவிடும். சிலவற்றில் இருக்கும் சைலிட்டோல் நாய்க்கு உயிராபத்து. உமிக்கரியும் உப்பும் எனாமலைத் தேய்க்கும். ஏற்கெனவே கல்லாகிவிட்டதைக் கத்தியால் சுரண்டவும் முயல வேண்டாம்.

உங்கள் நாய்க்கு வாய் நாறுவதால் மீன்தோல் சுருட்டுவதற்கு முன்னர் ஒருமுறை கால்நடை வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள். ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தாலோ, பல் ஆடினாலோ, கடிக்கக் கொடுப்பது நோவைத்தான் கூட்டும். 42 பல்லையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக மேல்வரிசைப் பெரிய பல்லின் வெளிப்பக்கத்தை.

இன்னொன்று. என்றைக்காவது நாய் வாயை மூட முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். விசர் நோயிலும் தாடை விழுந்து அப்படியேதான் நிற்கும். கட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, வைத்தியரைக் கூப்பிடுங்கள். வருடத்து விசர் ஊசி போட்டாயிற்றா என்பதையும் இன்றே அட்டையில் பாருங்கள். தினமும் அதன் வாய்க்குள் விரல் விடப்போகிறவர் நீங்கள்.