ஒரே பந்தல், இரண்டு பந்தி

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளின் நச்சரிப்பு தாங்காமல், சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் நடந்த ஜப்பான் - கொரிய உணவு, கலாசாரத் திருவிழாவுக்குப் போய்வந்தேன். சோற்றைக் கறுப்புத் தாளில் சுருட்டி ஆறு துண்டு போட்டு 380 ரூபாய் என்றார்கள். சுத்த சைவமான நான் கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒரு கிண்ணத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். அதே முகம், அதே குச்சி, அதே சோறு. ஜப்பானுக்கு ஒரு பக்கம், கொரியாவுக்கு ஒரு பக்கம் என்று எதற்குத் தனித்தனி வரிசை? கொரியாவில் அம்மாவை அம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும்தான் கூப்பிடுகிறார்களாம். எல்லாம் இங்கிருந்து போனதுதான். நம் சரக்கை நமக்கே விற்கிறார்கள் என்கிறேன். சரிதானே?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: சரியில்லை.

வடக்கே ரயிலில் போயிருப்பீர்கள். எதிர் இருக்கைக்காரர் உங்களைப் பார்த்து "மதராசியா?" என்று கேட்டிருப்பார். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் நால்வரையும் ஒரே மூட்டையில் கட்டி, மேலே ஒரு இட்லியையும் வைத்துக் கொடுப்பார். அப்போது உங்களுக்குச் சுருக்கென்று வந்ததா இல்லையா? "அதே முகம், அதே குச்சி, அதே சோறு" என்று நீங்கள் எழுதியிருப்பது அதே மூட்டைதான். கட்டிய கை மட்டும் இப்போது உங்களுடையது.

குச்சியிலிருந்தே தொடங்கலாம். கொரியக் குச்சி பெரும்பாலும் உலோகம், தட்டையானது. சோற்றுக்குக் கரண்டி தனியாக உண்டு. ஜப்பானியக் குச்சி மரம், முனை கூர்மை. சோற்றையும் அதனாலேயே சாப்பிடுவார்கள். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாப்பிடுவதுதான் முறை. மேசையில் வைத்துக் குனிந்தால் நாய் தின்கிற மாதிரி என்பார்கள். கொரியாவில் கிண்ணத்தைத் தூக்கினால் வீட்டுப் பெரியவர் முறைப்பார். கடற்பாசித் தாளில் சுருட்டி நீங்கள் பார்த்த சோற்றிலும் ஜப்பானியர் வினிகர் கலப்பார்கள், கொரியர் நல்லெண்ணெய் கலப்பார்கள். நல்லெண்ணெய் வாசனை தெரியாத தமிழரா நீங்கள்? இரண்டையும் மோந்து பார்த்திருந்தாலே இந்தக் கேள்வியில் பாதி வந்திருக்காது.

இனித் தனி வரிசை எதற்கு என்பது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடங்களில் கொரிய மொழியை ஓரங்கட்டினார்கள். 1940இல் குடும்பப் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொல்லி நெருக்கினார்கள். விடுதலைக்குப் பிறகு இரு நாடுகளும் தூதரக உறவு வைத்துக்கொள்ளவே இருபது ஆண்டுகள் ஆயின. 1965 என்றால் நமக்கு இந்தி எதிர்ப்புப் போராட்டம் நினைவுக்கு வரும். அதே ஆண்டில் சியோல் மாணவர்களும் தெருவில்தான் இருந்தார்கள், ஜப்பானோடு ஒப்பந்தம் கூடாது என்று. ஜப்பானியத் திரைப்படங்களுக்கும் பாட்டுகளுக்கும் தென்கொரியா விதித்திருந்த தடை 1998இல்தான் படிப்படியாகத் தளரத் தொடங்கியது. இப்படிப்பட்ட இருவரை ஒரு கூரையின் கீழ் நிறுத்துவதே பெரிய காரியம். நீங்களோ, ஏன் ஒரே தட்டில் பிசைந்து வைக்கவில்லை என்கிறீர்கள்.

சென்னை விழாவில் அந்தப் பாடு யாருக்கும் இல்லை. இங்கே அது பாப் பாட்டும் புகைப்படமும்தான். பாடு உள்ள இடம் சியோலும் டோக்கியோவும். உறவு ஏற்பட்ட நாற்பதாம் ஆண்டான 2005இல் இரு நாடுகளும் சேர்ந்து சியோலில் ஒரு திருவிழா தொடங்கின. 2009 முதல் டோக்கியோவிலும் நடத்துகிறார்கள். அதன் பெயரில் ஒரு வேடிக்கை. ஜப்பானிய மொழியில் 'நிக்கான்' என்று தொடங்கும்: ஜப்பான் முன்னால், கொரியா பின்னால். கொரிய மொழியில் 'ஹனில்': கொரியா முன்னால், ஜப்பான் பின்னால். நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பத்திரிகையும் பெண் வீட்டார் ஒரு பத்திரிகையும் அடிக்கிறார்களே, அந்த மாதிரி. கல்யாணம் ஒன்றுதான், யார் பெயர் மேலே என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

டோக்கியோ விழா பல ஆண்டுகள் ஹிபியா பூங்காவில் நடந்தது. ரஷ்யாவோடு போர் முடிந்து, கொரியாவில் ஜப்பானின் மேலாதிக்கத்தை ரஷ்யா ஒப்புக்கொண்ட 1905 செப்டம்பரில், கிடைத்தது போதாது என்று டோக்கியோ மக்கள் கூடிக் கலவரத்தில் இறங்கியது இதே பூங்காவில்தான். அந்த மண்ணில் கொரியக் கடைக்காரர் அடுப்பு மூட்டினார், ஜப்பானியப் பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வரலாறு தெரிந்தவனுக்கு அந்த வரிசையே ஒரு காட்சி. 2019ஐயும் சொல்லவேண்டும். அந்த ஜூலையில் ஜப்பான் சில ஏற்றுமதிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க, கொரியர்கள் ஜப்பானியப் பீரையும் துணிக்கடையையும் புறக்கணித்தார்கள். விழா நின்றுவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. நிற்கவில்லை. செப்டம்பரில் இரு நகரங்களிலும் நடந்தது.

விழாவில் சேர்ந்து உண்டாலும், சோற்றுப் பெயருக்கே சண்டை போட்டவர்கள் இவர்கள். கிம்ச்சியை ஜப்பானியர் தங்கள் நாவுக்கு வாகாகக் 'கிமுச்சி' என்பார்கள். 1990களில் அந்தப் பெயரில் அவர்கள் ஏற்றுமதியும் செய்ய, ஊறப்போட்டுப் புளிக்கவைக்காமல் மசாலாவைப் பூசி விற்பதெல்லாம் கிம்ச்சியா என்று கொரியர்கள் கொதித்தார்கள். விவகாரம் உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வரை போனது. 2001இல் 'கிம்ச்சி' என்ற பெயரிலேயே தரம் வரையறுக்கப்பட்டது. ஆவக்காய்க்கு நாம் எங்கே போயிருக்கிறோம்?

இவ்வளவு சண்டைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிவப்பு மிளகாய் இருவருடையதும் அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தது. நமக்கும் அப்படித்தான் வந்தது. மிளகு போல உறைக்கும் காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். 1614இல் எழுதிய ஒரு கொரிய அறிஞர் இது ஜப்பானிலிருந்து வந்தது என்று குறித்து, 'ஜப்பான் கடுகு' என்று பெயர் சொல்கிறார். ஜப்பானிலோ ஒரு காலத்தில் இதற்குக் 'கொரிய மிளகு' என்று பெயர். எரிச்சல் தரும் பொருளை அடுத்த வீட்டுக்காரன் பெயரால் அழைப்பது எந்த ஊரிலும் உள்ளதுதானே!

கடன் வாங்குவதும் அப்படியே நடந்திருக்கிறது. ஜப்பானியக் கடையில் மீன் வடிவ அச்சில் வார்த்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்த 'தையாக்கி' விற்றிருப்பார்கள். 'தை' ஒரு கடல்மீன். ஆட்சிக் காலத்தில் அது கொரியாவுக்குப் போய்ப் 'பூங்கோப்பாங்' ஆனது. 'பூங்கோ' நன்னீர் மீன். கடலைத் தாண்டியதும் கடல்மீன் குளத்து மீனாகிவிட்டது. அச்சும் மாவும் பயறும் மாறவில்லை.

மேடைக்கு வருவோம். இதே நகரில் இன்னொரு விழாவில், கொரிய ஹான்போக் உடுத்தி வந்த பெண்ணைத் தொகுப்பாளர் "கொரியக் கிமோனோவில் வருகிறார்" என்று அறிவித்ததை நானே கேட்டேன். கிமோனோ ஜப்பானியர் உடை. முன் வரிசையில் இருந்த கொரிய அம்மையார் ஒருவர் புன்னகையை அப்படியே முகத்தில் நிறுத்திவைத்துக்கொண்டார். பிறகு நால்வர் உட்கார்ந்து செண்டை, தப்பு போலக் கிழிகிழியென்று அடித்தார்கள். "ஆயிரமாண்டுப் பாரம்பரியம்" என்றார் அதே தொகுப்பாளர். அது சாமுல்நோரி. இரண்டு உலோக வாத்தியம், இரண்டு தோல் வாத்தியம். வயல்வெளியில் நடந்தும் ஆடியும் அடித்த கிராமத்து இசையை மேடைக்கென்று சுருக்கி 1978இல் சியோலில் உருவாக்கினார்கள். ஜப்பானியர் கூட்டமாக நின்று அடிக்கும் டைக்கோ முரசுக் குழுவும் 1951இல் வந்த ஏற்பாடு. முரசு பழையது, முறை புதியது. இதில் குறையொன்றும் இல்லை. நம் மேடைக் கலைகளில் எத்தனைக்கு வயது எவ்வளவு என்று தோண்டினால் நாமும்தான் நெளிவோம்.

அம்மா, அப்பாவுக்கு வருகிறேன். கொரியக் குழந்தை 'ஒம்மா', 'அப்பா' என்கிறது, உண்மைதான். எபிரேயக் குழந்தையும் 'இம்மா', 'அபா' என்கிறது. எருசலேமுக்கும் இங்கிருந்து சரக்கு போனது என்று எழுதுவீர்களா? உதடு ஒட்டிப் பிரியும்போது முதலில் வரும் ஒலி 'ம'வும் 'ப'வும்; பல் முளைக்காத வாய்க்கு நாடு கிடையாது. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற பேரறிஞர் பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். அவர் உழைப்பை மதிக்கிறேன். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. முதலில் ஜப்பானையும் கொரியாவையும் ஒன்றாக்கினீர்கள், அடுத்த வரியில் இருவரையும் நம்மோடு ஒன்றாக்கிவிட்டீர்கள். இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் உலகமே ஒரே குடும்ப அட்டையில் வந்திருக்கும்.

ஏமாற்றத்தோடு அனுப்ப மனமில்லை. இங்கிருந்து உண்மையிலேயே போன ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானியப் பக்கத்தில் 'கரே' என்று ஒரு குழம்புச் சோறு இருந்திருக்கும். நம் 'கறி' போர்த்துக்கீசியர், ஆங்கிலேயர் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல் அது. ஆங்கிலேயரிடமிருந்து வந்ததால் கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக இருக்கும். அது இந்தியக் குழம்பே இல்லை என்று முகம் சுளித்தவர் ராஷ் பிஹாரி போஸ். ஆங்கிலேய அரசு தேடிய புரட்சியாளர். டோக்கியோவில் தஞ்சம் கொடுத்த நாகமுராயா ரொட்டிக்கடைக் குடும்பத்தின் மருமகனானவர். அவர் வற்புறுத்தி 1927இல் அந்தக் கடையில் இந்திய முறைக் குழம்பு விற்பனைக்கு வந்தது. இன்றும் கிடைக்கிறது. இதற்கு நீங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் போஸ் வங்காளி. "அவர்களும் நாமும் ஒன்றுதானே" என்று மறுபடி கடிதம் போடாதீர்கள்.

380 ரூபாய் அநியாயம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி போவது வணிக வளாக வாடகைக்கு. அங்கே நம் தோசையும் அதே லட்சணத்தில்தான் விற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் விற்கத் தொடங்கியது முதல் கொரியக் குடும்பங்கள் சென்னையில் இருக்கின்றன. அவர்கள் சாப்பிடுவதற்கென்றே உள்ள உணவகங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உண்டு. விழாக் கூட்டம் இல்லாத நாளில் மகளோடு அங்கே போங்கள். கொரியத்தில் நாலு வார்த்தை அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக, கிம்ச்சி கேட்கும் முன் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள். கொரிய வீடுகளில் அதை ஊறப்போடும்போது வழக்கமாக உப்பிட்ட பொடி இறாலோ நெத்திலிச் சாறோ சேர்ப்பார்கள். சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிண்ணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.