தாதியர் சங்கம் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஒன்பது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். சங்கத்தில் சேரச் சொல்லி எங்கள் வார்டில் ஒரு மூத்த தாதி விடாமல் கேட்கிறார். தாதியர் தினத்துக்கு கேக் வெட்டுவதைத் தவிர சங்கங்கள் என்ன செய்கின்றன? நைட் டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லை. சட்டம், ஆராய்ச்சி எல்லாம் மேலே இருப்பவர்கள் பாடு இல்லையா?

எஸ்., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

என் அம்மா பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு மாலை, மாத்திரை பத்து நிமிடம் தாமதமானதற்குப் பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகன் ஒரு தாதியை வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்தப் பெண் ‘சாரி’ சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தார். கை நடுங்கியது. “புகார் எழுதிக் கொடுக்கலாமே” என்றேன். “தினமும் நடக்குது அக்கா, எத்தனையைத்தான் எழுதுறது?” என்றார்.

எத்தனை என்று எண்ணியவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் சுகாதார அமைச்சு, பொது மருத்துவமனைக் குழுமங்கள், சுகாதாரச் சேவை ஊழியர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. சுமார் 3,000 ஊழியர்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் அந்த ஓராண்டில் வசையை அனுபவித்தோ பார்த்தோ இருந்தார்கள். 2023 டிசம்பரில் இதைக் கையாளப் பொதுவான வழிமுறை வந்தது. துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2014இலேயே இருந்ததுதான். ஆனால் சட்டம் இருப்பது வேறு, கை நடுங்க நிற்கும் தாதி அதைத் துணிந்து எடுப்பது வேறு. அந்த இடைவெளியில்தான் சங்கம் வேலை செய்கிறது. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த கே. தனலெட்சுமி 2016இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். ‘மேலே’ என்பது அவ்வளவு தூரமில்லை.

ஆராய்ச்சி என்றீர்கள். 2002இல் தாதிமைத் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. கலிஃபோர்னியாவில் தாதியர் சங்கம் வருடக்கணக்கில் போராடி, ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று 1999இல் சட்டமே கொண்டுவர வைத்தது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. இங்கே அப்படி ஓர் எண் சட்டத்தில் இல்லை. நம் ஊருக்கு அதே வழி சரிப்படுமா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான், நானில்லை. ஆனால் சொல்வதற்குக் கையில் கணக்கு வேண்டும்.

இந்தக் களைப்பில் கூட்டத்துக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் மட்டும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்: தேதி, ஷிஃப்ட், எத்தனை தாதியர், எத்தனை கட்டில், சாப்பிட நேரம் கிடைத்ததா. நோயாளி பெயர் எதுவும் வேண்டாம். அப்புறம் அந்த மூத்த தாதியிடம் நோட்டைக் காட்டி, இதைச் சங்கத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா