ஸ்காபரோ வாடகை உதவி: எடுப்பதா, காத்திருப்பதா?

அக்கா, நான்கு வருடமாக அரச வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள், இடையில் வீடு மாறினீர்கள், இப்போது தனியார் வீட்டு வாடகைக்கு மாதாமாதம் அரசு தரும் உதவிப் பணமான கனடா-ஒன்ராறியோ வாடகைக் கொடுப்பனவு தருவதாகச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் புதிய விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் இன்றைக்கே பதியுங்கள். வருடாந்தம் விவரங்களை உறுதிசெய்யாவிட்டாலும் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். இன்னொன்று, ரொறன்ரோவில் வீடு தானாகத் தேடி வராது. இணையக் கணக்கில் காலியான வீடுகளைப் பார்த்து நீங்களே விருப்பம் தெரிவிக்க வேண்டும். பலர் இதைத் தெரியாமல் கடிதம் வரும் என்று இருக்கிறார்கள்.

கொடுப்பனவை எடுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கணக்கு இதுதான்: உங்கள் பகுதிச் சராசரிச் சந்தை வாடகையின் 80%இலிருந்து குடும்ப வருமானத்தின் 30%ஐக் கழித்து வரும் தொகை. நீங்கள் உண்மையில் கட்டும் வாடகை அந்த 80% அளவைவிடக் கூட என்றால், மிச்சம் உங்கள் கையிலிருந்துதான் போகும். அரச வீட்டிலோ வாடகையே வருமானத்தில் கிட்டத்தட்ட 30% அளவில்தான் இருக்கும்.

இரண்டு பிள்ளைகளோடு பேஸ்மென்டில் இருக்கும் உங்களுக்கு, என்னைக் கேட்டால் எடுங்கள் என்பேன். பெரிய வீடுகளுக்குக் காத்திருப்பு பத்து வருடத்தையும் தாண்டுகிறது. ஆனால் கையெழுத்து வைக்க முன் மாதத் தொகையை எழுத்தில் கேளுங்கள். வருமான வரி தாக்கல் செய்யாமல் இருந்தால் அதையும் முடியுங்கள், கணக்கு அதை வைத்துத்தான். தமிழில் கதைக்க சமூக சேவைத் தகவல் எண்ணான 211ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.