அவர் வீம்பு பிடிக்கிறாரா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் பேரன் "தாத்தா" என்று ஓடிவந்தாலே குபுக்கென்று அழுதுவிடுகிறார், அரை நிமிடத்தில் அழுகை நின்றும் விடுகிறது. கேட்டால் "எனக்கு வருத்தமே இல்லையே" என்கிறார். உடற்பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வீம்பா?

பதில்: இல்லை அம்மா. அவர் சொல்வதை நம்புங்கள். அழுகையையும் சிரிப்பையும் அடக்கிவைக்கும் மூளைப் பாதைகள் பக்கவாதத்தில் பழுதானால், உள்ளே துக்கம் இல்லாமலேயே கண்ணீர் கொட்டும், சிலருக்குத் துக்க வீட்டில் சிரிப்பு பீறிட்டு வரும், பாவம், கூனிக்குறுகிப் போவார்கள். அந்த நேரத்தில் "ஏன் அழறீங்க" என்று துருவாமல் பேச்சை மாற்றுங்கள், பேரனிடமும் சொல்லிவையுங்கள். அடிக்கடி வந்தால் மாத்திரையில் குறையும்.

எனக்குக் கவலை தருவது அந்தச் சுவர்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். தூக்கம், பசி எப்படி இருக்கிறது, "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்கிறாரா என்று பாருங்கள். சோகமே இல்லாமல், எதையும் தொடங்கும் உந்துதல் மட்டும் செத்துப்போவதும் உண்டு. இவர்கள் யாராவது கை கொடுத்துத் தொடங்கிவைத்தால் செய்துவிடுவார்கள். வீட்டில் இரண்டையும் சோம்பல் என்றுதான் திட்டுகிறோம். பேச்சு போனவர்களானால் இன்னும் கஷ்டம், வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை.

"செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். திடீரென்று ஆள் குழம்பினாலும், இல்லாத உருவங்கள் தெரிகின்றன என்றாலும் அப்படியே.

மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. எல்லாருக்கும் மாத்திரை தேவையில்லை. 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 3,000-க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஃபுளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, ஆனால் கை கால் கூடுதலாகத் தேறவில்லை, எலும்பு முறிவுதான் அதிகமானது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த வகை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

அப்புறம் ஒன்று, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அழுகையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதையும் சொல்லுங்கள்.