கரண்ட் வைத்த வாயும் பல்செட்டும்: கேள்வி பதில்

வாய்ப் புற்றுநோய்க்குப் பிறகு பல் கட்டுவது பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. செயற்கைப்பல் மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபி: அப்புச்சிக்குக் கன்னத்தில் ஆபரேஷன் முடிந்தது, அடுத்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கப் போகிறார்கள். ஆடுகிற பல்லை அப்புறம் பிடுங்கிக்கலாமுங்களா?

வேண்டாங்க, இப்போதே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்கப்புறம் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். கீழ்த்தாடைக்குத்தான் ஆபத்து அதிகம், அதிலும் கதிர்வீச்சு 60 கிரே (அதை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் பட்ட இடத்தில். காப்பாற்ற முடியாத பல்லை, கரண்ட் தொடங்க இரண்டு வாரமாவது இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். அதற்காகக் கரண்டையே தள்ளிப்போடவும் கூடாது. பல் மருத்துவரும் கரண்ட் வைக்கும் மருத்துவரும் பேசித் தேதி வைக்கட்டும். பல வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள்.

திருப்பூர்: பாக்குப் போட்டே வாய் இறுகி, அதிலேயே புற்றுநோயும் வந்தது. இப்போது ஒரு விரல்தான் நுழைகிறது. பல்செட் வைக்க முடியுமா?

முதலில் வாய் திறக்கணும். அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாதே! ஐஸ்கிரீம் குச்சிகளைப் பற்களுக்கிடையே அடுக்கி, மெல்ல ஒவ்வொன்றாகக் கூட்டும் பயிற்சியைத் தினமும் பலமுறை செய்யுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் பல்செட்டை இரண்டு துண்டாகச் செய்து வாய்க்குள் இணைக்கலாம். பாக்கை அடியோடு விடுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2004இலேயே புற்றுநோய்க் காரணி என்று சொல்லிவிட்டது. கல்யாணத் தாம்பூலத்தில் வைக்கும் பொருள் என்பதால் நம் பக்கம் யாரும் நம்புவதில்லை.

பொள்ளாச்சி: அம்மாவுக்கு மேல் அண்ணத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். காப்பி குடித்தால் மூக்கில் வருகிறது.

அந்த ஓட்டையை அடைக்கும் தட்டு உண்டு, அப்ட்யூரேட்டர் என்பார்கள். புண் ஆறும்வரை தற்காலிகத் தட்டு, சில மாதம் கழித்துப் பற்களோடு நிலையானது. குடிப்பது மட்டுமல்ல, பேச்சும் தெளியும்.

தாராபுரம்: கரண்டுக்குப் பின் வாய் வறள்கிறது, கொள்ளு ரசம் எரிகிறது.

உமிழ்நீர்ச் சுரப்பிகள் அடிபட்டதால்தான். எச்சில் இல்லாத வாயில் சொத்தை வேகமாக வரும். ஃப்ளோரைடு ஜெல்லைப் பல்லில் மாட்டும் தட்டில் தடவி தினமும் வைக்கச் சொல்வோம். மிட்டாய் சப்பாதீர்கள், தண்ணீரை அடிக்கடி கொஞ்சமாகக் குடியுங்கள். ரசத்துக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை இறங்கும். பல்செட் உரசிப் புண்ணானால் அன்றைக்கே கழற்றிவிட்டு வந்து காட்டுங்கள்.